இன்னொரு சுத்து

விமானம் ஓட்டப் படிக்க வருகிறவன் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று எட்வின் வாத்தியார் முதல் நாளே ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். காது அடைக்கும், வயிறு புரட்டும், டாக்டர் கண்ணையும் நெஞ்சையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார், மேகத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும், முதலில் இறங்கிப் பழகும்போது தூக்கிப் போடுகிற போடில் உயிர் தொண்டைக்கு வரும், அப்புறம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நான் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, இனி நீயே ஒரு சுத்து போய்விட்டு வா என்பேன், அன்றைக்குக் கை நடுங்கக் கூடாது என்றெல்லாம் சொன்னவர், மேலே போனவன் இறங்காமலே இருந்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதுவரைக்கும் அப்படி யாரும் இருந்ததில்லை.

படிக்க வந்தவர் தனுஷ்கோடி, வெயிலுகந்தபுரத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளி. ஊருக்கு மேற்கே, வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையில் ஃபிளையிங் கிளப் என்று ஒரு போர்டு மாட்டி, ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு பேர் உட்காருகிற ஒரு சின்ன விமானமும் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு ராக்கெட் விட்டு ராக்கெட் விட்டு அண்ணாச்சிக்கு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போக ஆசை வந்துவிட்டது என்று ஊர் சிரித்தது. அவருடைய மனைவி மரகதம் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "சாப்பாடு", "சாவி", "வாரேன்" என்பதற்கு மேல் தன்னிடம் பேசி அறியாத மனுஷன், விமானம் என்றதும் ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து சோற்றுப் பருக்கையால் தட்டில் ஓடுபாதை போட்டுக் காட்டியபோது அவளுக்குப் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வாத்தியார் சொல்லிக் கொடுத்தவற்றில் இரண்டைத்தான் தனுஷ்கோடி வேதமாகப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது ஓடுபாதையில் ஈ காக்கா தெரிந்தாலும் இறங்காதே, மறுபடி ஏறு, இன்னொரு சுத்து சுத்தி வா. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, செத்துப்போன சூரனைவிட சுத்தி வந்த பயந்தாங்கொள்ளி மேல். இது ஒன்று. கீழேயிருந்து வயர்லெஸில் என்ன சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொன்னபடி செய். இது இரண்டு. இங்கிலீஷ் அவருக்கு ஓடாது என்பதால் தமிழிலேயே பேச வாத்தியார் விட்டிருந்தார். குளித்துவிட்டு வேட்டியைப் பிழிகிறபோதுகூட, "இறங்கலாமா? சரி, இறங்குறேன். இன்னொரு சுத்தா? சரி, இன்னொரு சுத்து" என்று அவர் முனகிக்கொண்டிருந்ததை மரகதம் கேட்டிருக்கிறாள்.

அவர் தனியாகப் பறக்கிற நாள் புரட்டாசியில் வந்தது. வேறு ஊராக இருந்தால் நாலு பேர் வந்து கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இது பட்டாசு ஊர் அல்லவா? கம்பெனி ஆட்கள் மேளத்தோடு வந்தார்கள், பட்டாசுச் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஆள் உயர மாலையோடு வந்தார், மரகதம் ஆரத்தித் தட்டோடு நின்றாள், ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சரவெடியை நீளவாக்கில் விரித்து, முதலாளி தரையைத் தொட்டதும் பற்றவைப்பது என்று ஏற்பாடு. தொடுவது வரைக்கும் பொறுக்கிற கை இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? விமானம் தாழ்ந்து வருவதைப் பார்த்த உற்சாகத்தில் எவனோ திரியைக் கிள்ளி வைத்துவிட்டான். வெடித்தது பாருங்கள், ஓடுபாதை முழுக்கப் புகை, புகைக்குள் மேளம், மேளத்துக்குள் குலவை. தனுஷ்கோடி படித்த பாடத்தை மறக்காமல் மூக்கை மேலே தூக்கி ஏறிவிட்டார். வயர்லெஸில் வாத்தியார், "இன்னொரு சுத்து" என்றார். "சரி, இன்னொரு சுத்து" என்று பதில் வந்தது.

அடுத்த சுத்தில் புகை இல்லை, ஜனம் இருந்தது. அதற்கடுத்த சுத்தில் அதே ஜனம் இன்னும் கிட்டத்தில் பார்க்க நடுப்பாதைக்கே வந்துவிட்டது. வாத்தியார் கத்தினார், கும்பிட்டார், கம்பெடுத்து அடிக்கக்கூடப் போனார். ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வந்து நின்றார்கள், வரவேற்க வந்தவர்களை விரட்டுகிறானே இவன் என்ன மனுஷன் என்று முறைத்தார்கள். அப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. ஓடுபாதையில் விளக்கு கிடையாது. இருட்டில் இறக்குவது கொலை. "விடியட்டும், அதுவரைக்கும் சுத்து" என்றார் வாத்தியார், பெட்ரோலை நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பெட்ரோல் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சுற்றுவட்டாரம் முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வெயிலுகந்தபுரத்தில் ஒரு பொட்டு விழவில்லை. காலையில் ஊர் எழுந்து பார்த்தால், விமானம் சுற்றுகிற வட்டத்துக்கு உள்ளே புழுதி பறக்கிறது, வட்டத்துக்கு வெளியே வயலெல்லாம் குளம். வட்டத்தின் விளிம்பில் மழை கண்ணாடிச் சுவர் மாதிரி நிற்கிறது, கையை நீட்டினால் முழங்கை வரைக்கும் நனைகிறது, தோள் காய்ந்திருக்கிறது. முற்றத்திலும் மொட்டை மாடியிலும் காயப்போட்டு மறந்த திரியும் அட்டைக்குழாயும் மொறுமொறு என்று கிடந்தன. பட்டாசுக்காரனுக்கு எமன் நெருப்பு என்று வெளியூர்க்காரன் நினைப்பான். இல்லை, ஈரம். தீபாவளிக்கு முன்னால் வருகிற ஒரு நாள் மழை ஒரு வருஷத்து வேலையைக் களியாக்கிவிடும்.

பொன்னுலிங்கம் அண்ணாச்சி மத்தியானமே மரகதத்தைத் தேடிக் கொட்டகைக்கு வந்துவிட்டார். ஓடுபாதையில் இப்போது ஜனம் இல்லை, விமானம் மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது, வாத்தியார் இறக்குவதற்காக வயர்லெஸைக் கையில் எடுத்திருந்தார்.

"ஏம்மா மரகதம், காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு சும்மாவா சொன்னாக? தீபாவளி ஆர்டர் மட்டும் முடியட்டும். உன் கம்பெனி சரக்குதான் இருக்கதுலயே பெருசு. அது நனைஞ்சா உன் வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன பண்ணுவாரு, தலையில துண்டப் போட்டுட்டு உக்காருவாரு. அவருக்கும் மேல ஒண்ணும் கஷ்டமில்லையே?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் வாத்தியார். "ஓடுபாதை காலியா இருக்கும்போது இறங்காதேன்னு ஒருத்தன்கிட்டச் சொல்ல நான் படிக்கலை."

"நீங்க சொல்ல வேண்டாம். அவ சொல்லட்டும்."

அண்ணாச்சி வயர்லெஸை வாங்கி அவள் கையில் வைத்தார். இரைச்சலுக்கு நடுவே தனுஷ்கோடியின் குரல் வந்தது. "இறங்கலாமா?"

மரகதம் கெட்டவள் இல்லை. வீட்டுக்காரர் ராத்திரி பகலாக உழைத்த சரக்கை நினைத்தாள், கூலிக்கு வருகிற பெண்களை நினைத்தாள், நாலு நாள்தானே என்று நினைத்தாள். "இன்னொரு சுத்து போய்ட்டு வாங்க" என்றாள்.

"மரகதமா? சரி, இன்னொரு சுத்து" என்றவர், அதோடு நிறுத்தவில்லை. "நம்ம வீட்டு மாடி தெரியுது. நீ காயப்போட்ட பச்சைச் சேலை கொடியில ஆடுது. இங்கேருந்து பாக்க நல்லாருக்கு."

அந்தச் சேலையை அவள் கட்டி எதிரே நின்றபோதெல்லாம் நிமிர்ந்து பார்க்காத மனுஷன்!

தீபாவளிக்குள் ஓடுபாதை நிரம்பிவிட்டது. அதைவிட வெயில் விழுகிற இடம், தட்டையான இடம், ஈரம் ஏறாத இடம் சுற்றுவட்டாரத்தில் எங்கே கிடைக்கும்? மரகதத்தின் கம்பெனியில் பெண்களுக்கெல்லாம் மூத்தவளான மாரிக்கனிதான் முதல் பாயை விரித்தாள்; பின்னாலேயே ஊரில் உள்ள அத்தனை கம்பெனிப் பாயும் வந்து சேர்ந்தன. பூச்சட்டியும் சக்கரமும் திரிக்கற்றையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் காய்ந்தன. எட்வின் வாத்தியார் கொஞ்ச நாள் அந்தப் பாய்களின் ஓரத்தில் நின்று நின்று பார்த்துவிட்டு, ஒருநாள் தன் பெட்டியைக் கட்டினார்.

"நான் சொல்லிக் குடுத்ததுல தப்பில்லம்மா" என்று மரகதத்திடம் சொன்னார். "கேட்டுக்கிட்டவர் ரொம்ப நல்ல மாணவராப் போயிட்டாரு. கீழேருந்து என்ன சொல்றமோ அதைத்தான் செய்வாரு. பாத்துச் சொல்லுங்க." வயர்லெஸை அவளிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினார். வட்டத்தின் விளிம்பைத் தாண்டும்போது பஸ்ஸின் கூரையில் மழை அறைந்த சத்தம் ஊருக்குள் கேட்டது.

தீபாவளி முடிந்தது, கார்த்திகை வந்தது. கார்த்திகை முடிந்தது, கல்யாணச் சீசன் வந்தது. கல்யாணம் ஓய்ந்தால் கோயில் கொடை, கொடை ஓய்ந்தால் தேர்தல், எவன் ஜெயித்தாலும் வெடி வேண்டும், தேர்தல் ஓய்ந்தால் அடுத்த தீபாவளிக்குச் சரக்குச் சேர்க்க வேண்டும். தனுஷ்கோடி சுற்றுவது ஊருக்குப் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் தலைக்குமேல் போகிற சத்தத்துக்குப் பாடம் மாற்றினார்கள், பிறந்த பிள்ளையை விமானத்தின் நிழல் போகிற வழியில் கிடத்தி எடுத்தார்கள், நிழல் பட்ட பிள்ளைக்குச் சளி பிடிக்காது என்று சொல்லிக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமைதோறும் ஓடுபாதைத் தலைப்பில் தேங்காய் உடைத்தார்கள். பெயரைச் சொல்லுவதை விட்டுவிட்டு "மேல இருக்கவுக" என்றார்கள். கல்யாண வீடுகளில் மரகதத்துக்குத்தான் முதல் மஞ்சள் குங்குமம். எவள் புருஷன் வேண்டுமானாலும் சாகலாம், இவள் புருஷனைப் பாரு, விழாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார் என்று பெண்கள் அவள் காலைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்குக் கூசியது. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

கஷ்டமும் இருந்தது, இல்லாமலா? கிணறுகள் வற்றின, தவளைச் சத்தம் நின்றது, சிட்டுக்குருவிகள் கூண்டோடு வெளியேறின. விளிம்பில் நின்ற புளியமரம் ஒரு பாதி காய்த்துக் குலுங்கியது, மறுபாதி விறகாக நின்றது. வெளியே மழை பெய்கிற நாளில் பெண்கள் குடத்தோடு ஊர் எல்லைக்குப் போய், வரிசையில் நின்று, மழைச் சுவருக்குள் குடத்தை நீட்டிப் பிடித்துத் தண்ணீர் பிடித்தார்கள். பிடித்துவிட்டுக் காய்ந்த தலையோடு திரும்பி வந்தார்கள். விவசாயம் பார்த்த ஒன்றிரண்டு பேர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார்கள். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவர்கள் என்று மிச்சமிருந்தவர்கள் அவர்களை மறந்தார்கள்.

மரகதம் வயர்லெஸை இடுப்பில் சொருகிக்கொண்டே சமைத்தாள், கம்பெனி பார்த்தாள், தூங்கினாள். ஒவ்வொரு சுத்துக்கும் "இறங்கலாமா?" என்று கேட்டார், ஒவ்வொரு சுத்துக்கும் "இன்னொரு சுத்து" என்றாள், "சரி, இன்னொரு சுத்து" என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பிப்பார். பசியில்லை என்பார், தாகமில்லை என்பார், மேலேயிருந்து பார்த்தால் கண்மாய் காது மாதிரி இருக்கிறது என்பார், சின்ன வயசில் அம்மை போட்டபோது அம்மா வேப்பிலையால் விசிறியதைச் சொல்வார், கல்யாணத்தன்று அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு மருதாணிக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்வார். சத்தியமாகச் சொன்னால், சரக்கு ஒரு சாக்குத்தான். இறங்கினால் இந்த மனுஷன் மறுபடி வாயை மூடிக்கொள்வாரோ என்கிற பயம் அவளுக்கு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பேச்சும் கிணறு மாதிரித்தான். முதலில் பழைய கதைகள் நின்றன. பிறகு மாடியும் கண்மாயும் நின்றன. அப்புறம் ஒருநாள் "மரகதமா?" என்று கேட்பது நின்றது. அசதி போலிருக்கிறது, அடுத்த சீசன் முடியட்டும், கட்டாயம் இறக்கிவிடலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷத்துச் சித்திரையில் ஊரே உப்புக்கண்டம் மாதிரி உலர்ந்துவிட்டது. தலை சீவினால் சீப்பில் பொறி பறந்தது, சேலையை உதறினால் படபடவென்று மின்னியது, பூனையைத் தடவப் பயந்தார்கள். மாரிக்கனி ஒருநாள் வந்து வாசலில் நின்றாள்.

"முதலாளியம்மா, பாயைத் தொட்டாலே கையில சுருக்குனு ஏறுது. கொஞ்சம் ஈரம் வேணும்மா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேல இருக்கவுகள இறங்கச் சொல்லுங்க. ஒரு மழை விழட்டும்."

"பொன்னுலிங்கம் அண்ணாச்சிகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் மரகதம். அண்ணாச்சி, மாசம் முடியட்டும் என்றார்.

மாசம் முடியவில்லை. ஒரு மத்தியானம் ஓடுபாதையின் நடுவில் மாரிக்கனி திரிக்கற்றையைப் புரட்டிப்போடக் குனிந்தாள். பொறி அவள் முந்தானையிலிருந்து வந்தது என்றார்கள், கைவளையலிலிருந்து என்றார்கள். என்னத்துக்கு அந்த ஆராய்ச்சி? ஒரு முனையில் பற்றியது மறுமுனைக்கு ஓடியது. வெடிச் சத்தம் அடங்கி, புகை ஒதுங்கியபோது மாரிக்கனியும் அவளோடு பாய் புரட்டிய பெண்களும் இல்லை. எது யார் என்று வளையலை வைத்து, மெட்டியை வைத்துச் சொன்னார்கள். சிலரை அப்படியும் சொல்ல முடியவில்லை.

மரகதம் அங்கேயே மண்ணில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். தலைக்குமேல் விமானம் வந்தது. இடுப்பிலிருந்து குரல் கேட்டது. "கீழே புகை. இறங்கலாமா?"

மறுநாள் காலையில் ஓடுபாதை காலியாகக் கிடந்தது. தீட்டு என்று சொல்லி எந்தக் கம்பெனி ஆளும் அதில் கால் வைக்கவில்லை. பாய் இல்லை, சரக்கு இல்லை, ஒரு கோழிக்குஞ்சு இல்லை. கருகிய நீளமான தழும்பும் அதற்குமேல் வெயிலும் மட்டும் இருந்தன. வட்டத்துக்கு வெளியே கோடை மழை கருகருவென்று திரண்டு சுற்றிலும் காத்து நின்றது. மரகதம் தலையை முடியாமல், முகம் கழுவாமல் போய் ஓடுபாதையின் ஓரத்தில், பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள். பொன்னுலிங்கம் அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பொறும்மா. பதினாறு கழியட்டும். எரிஞ்ச சரக்கைத் திரும்பப் போடணும்ல? இப்ப மழை விழுந்தா ஊரே நாறிப்போகும்."

"ஊரு நாறி எம்புட்டோ நாளாச்சு அண்ணாச்சி" என்றாள் மரகதம். "மாரிக்கனி ஒரு நாள் கேட்டா. ஒரே ஒரு நாள். நான் உங்களைக் கேட்டேன். என் புருஷனை இறக்க நான் எதுக்கு உங்களைக் கேட்டேன்? தூரப் போங்க. பாதையில உங்க நிழலு விழுகுது."

அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். விமானம் கிழக்கே திரும்பி, தாழ்ந்து, நேராக வந்தது.

"இறங்கலாமா?"

"இறங்குங்க" என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இறங்குங்க, பாதை காலியா இருக்கு, நான் ஓரத்துலதான் இருக்கேன், யாருமில்ல, எதுவுமில்ல, இறங்குங்க."

"சரி, இன்னொரு சுத்து."

சக்கரம் தரையைத் தொட ஒரு முழம் இருந்தது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அவளுடைய தலைமயிரைக் கலைத்துவிட்டு விமானம் ஏறிப் போயிற்று.

இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த சுத்தில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். "இ-ற-ங்-கு-ங்-க." "சரி, இன்னொரு சுத்து." அதற்கடுத்த சுத்தில், "நான் மரகதம் பேசுறேன், உங்க மரகதம், பச்சைச் சேலை கட்டிக்கிட்டு வரட்டுமா, இறங்கி, பேசாமலே இருங்க, ஒரு வார்த்தை பேச வேண்டாம், எனக்குப் போதும்" என்றாள். "சரி, இன்னொரு சுத்து." திட்டினாள், கெஞ்சினாள், வாத்தியார் பேசுகிற மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். ஒரு சுத்தில் வாயைப் பொத்திக்கொண்டு எதுவுமே சொல்லாமல் இருந்தாள். இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது. கீழேயிருந்து சொல்லாத சொல்லுக்கும் மேலேயிருந்து, பணிவான அந்தக் குரல், "சரி, இன்னொரு சுத்து" என்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அந்தக் காதில் அவளே ஓட்டிவிட்ட தடத்தில் இனி வேறு சொல் இறங்காது. வெளியே இடி இடித்தது. ஒரு துளி உள்ளே வரவில்லை.

அன்று பூராவும் அங்கேயே இருந்தாள், மறுநாளும் இருந்தாள், அதற்கு அடுத்தும் இருந்தாள். தொண்டை கட்டி, குரல் போய், கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. ஊர் முதல் நாள் அவளுக்காக அழுதது, அப்புறம் கஞ்சி கொண்டுவந்து வைத்தது, அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போனது.

பதினாறு கழிந்த மறுநாள் காலையில் நிழல் ஒன்று வந்து அவள்மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மாரிக்கனியின் மருமகள், இடுப்பில் சுருட்டின பாயோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக, ஆளுக்கொரு பாயோடு, ஆளுக்கொரு தட்டுத் திரியோடு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அடுப்பு எரியணும்ல, முதலாளியம்மா" என்றாள் அந்தப் பெண், குற்றம் செய்தவள் மாதிரி. "கொஞ்சம் தள்ளிக்கிறீகளா?"

மரகதம் கையை ஊன்றி எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒதுங்கி, பாய்க்கு இடம் விட்டாள்.